நாற்பதாண்டுக் கப்பலும் ஐந்து மாதக் கடலும்

2011 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் திகதி தூத்துக்குடியில், இந்தியாவின் அன்றைய கப்பல்துறை அமைச்சர் ஜி. கே. வாசன் கொடியசைத்து அனுப்பிவைத்த பயணிகள் கப்பலொன்று மறுநாள் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தது. அதன் பெயர் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. பயணிகளையும் கார்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லவெனக் கட்டப்பட்ட கப்பல் அது. அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சேவை நின்றுபோயிற்று. ஐந்து மாதங்களே அது நமது கடலில் ஓடியது.

இலங்கை - இந்தியக் கப்பல் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஐந்து மாதங்களைத் 'தோல்வியடைந்த முயற்சி' என்ற ஒற்றை வரியில் சொல்லிக் கடந்து விடுகிறோம். ஆனால் கொழும்புக்கு வந்தபோது அந்தக் கப்பலுக்கு வயது முப்பத்தொன்பது. வேறு கடல்களில் பத்தாண்டு, இருபதாண்டு என்று உழைத்துவிட்டு வந்த கப்பல், நமது கடலில் மட்டும் ஏன் ஐந்து மாதங்களில் மூச்சு வாங்கி நின்றது என்ற கேள்வி என்னை நீண்ட காலமாக அரித்துக்கொண்டிருக்கிறது. கிராமப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கும் எனக்கு, அந்தக் கப்பலின் கதையில் நமது இரு கரைகளின் கதையும் இருப்பதாகவே தோன்றுகிறது.

1972 இல், அன்றைய யூகோஸ்லாவியாவின் அத்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள கிரால்யெவிட்சா என்னும் சிற்றூரின் கப்பல் கட்டும் தளத்தில் அது கட்டப்பட்டது. அவ்வூர் இன்று குரோஷியாவில் உள்ளது. மார்ஷல் டிட்டோ இளமையில் தொழிலாளியாக வேலை செய்த தளம் அது. பின்னர் அவர் பெயரையே தாங்கி நின்றது. 1976 இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டுக்கு வந்த அதே டிட்டோதான். சுவீடன் நாட்டின் ஸ்டேனா நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட அக்கப்பலுக்கு முதலில் இட்ட பெயர் 'ஸ்டேனா ஒலிம்பிக்கா'. சுவீடனின் கோத்தன்பேர்க் நகருக்கும் ஜேர்மனியின் கீல் நகருக்கும் இடையில் அது ஓடியது. மாலையில் காரை ஓட்டிக்கொண்டே கப்பலின் வயிற்றுக்குள் நுழைவார்கள். மேல் தளத்தில் உண்டு உறங்கி, காலையில் அதே காரில் மறுகரையில் இறங்கிப் போவார்கள். கடல் அவர்களுக்குப் பாதையின் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

1982 இல் அது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற புதுப்பெயர் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகருக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து யார்மத் துறைக்கும் இடையே 2004 வரை, இருபதுக்கும் மேற்பட்ட கோடைகாலங்கள் ஓடியது. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே தரைவழியாகப் போவதானால் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் செல்ல வேண்டும். கப்பலிலோ பதினொரு மணித்தியாலம். கப்பலுக்குள் சூதாட்டக் கூடமும் களியாட்டங்களும் இருந்தன. விடுமுறைக்காரர்களின் கப்பல் என்றே அது பெயரெடுத்தது. பின்னர் போர்ட்லண்டின் துறைமுக நிலையக் கட்டடம் தொடர்பாக எழுந்த தகராறினால் 2005 இல் சேவை நடைபெறவில்லை.

அந்த ஆண்டிலிருந்துதான் கப்பலின் வாழ்வு வேறொரு திசையில் திரும்பியது. 2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரீனா சூறாவளி லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. வீடுகள் நீரில் மூழ்கின. வேலையின்றி நின்ற ஸ்கோஷியா பிரின்ஸை அமெரிக்க அரசு வாடகைக்கு அமர்த்தி, நியூ ஓர்லியன்ஸுக்கு அருகே மிஸிஸிப்பி நதியில் கட்டிப்போட்டது. வீடிழந்தவர்களும் மீட்புப் பணியாளர்களும் 2006 இன் ஆரம்பம் வரை அதில் குடியிருந்தனர். களியாட்டத்துக்காக அலங்கரிக்கப்பட்ட அறைகள் அகதிகளின் படுக்கையறைகளாகின.

2011 பெப்ரவரியில் லிபியாவில் போர் மூண்டது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியர்கள் ஏறத்தாழ பதினெட்டாயிரம் பேர். அவர்களை மீட்க இந்திய அரசு வாடகைக்கு எடுத்த கப்பல்களுள் இதுவும் ஒன்று. பெங்காசித் துறைமுகத்திலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு ஒரே தடவையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அது ஏற்றிச் சென்றது. மத்திய கிழக்கில் உழைப்போரை அனுப்பிவைத்துவிட்டுச் செய்திக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் நமது கிராமங்கள் தோறும் உண்டு. அந்த அலெக்சாந்திரியாப் பயணத்தின் பெறுமதியை அக்குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இப்படி லிபியாவின் புகையிலிருந்து மனிதரைச் சுமந்து மீண்ட கப்பல்தான் நான்கு மாதங்களுக்குள் தூத்துக்குடிக்கு வந்து நின்றது.

அது வந்து சேர்ந்த கடற்பாதை புதியதன்று. இந்தப் பாதையில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்குமுன்பே பாய்மரத் தோணிகள் ஓடின. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் கொழும்பு, பேருவளை, காலி, கற்பிட்டி என்று நமது கரைகளில் இறங்கி வாணிபம் செய்தனர். பெண் கொடுத்தனர், பெண் எடுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) அவர்கள் இக்கடலைக் கடந்து வந்து இலங்கையின் பல ஊர்களில் பள்ளிவாசல்களுக்கும் தக்கியாக்களுக்கும் அடிக்கல்லிட்டதை இவ்விதழின் வாசகர்கள் அறிவர். புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலைச் 'சம்மாங்கோட்டுப் பள்ளி' என்கிறோம். இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரைக் குறித்த 'சம்மான்காரர்' என்ற சொல்லோடு உறவுடைய பெயர் அது. சம்மான் என்பது ஒருவகைப் படகு. படகின் பெயரால் ஒரு சமூகத்தையும், சமூகத்தின் பெயரால் ஒரு பள்ளிவாசலையும் அழைத்த ஊர் கொழும்பு.

முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய பாதையுமல்ல அது. கொட்டாஞ்சேனையிலும் செட்டியார்தெருவிலும் வாழும் பரதர் சமூகத்தவர் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்தவர்கள். பெருந்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த பாதைகளுள்ளும் இது ஒன்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் கொழும்புக்கு வெளியே ராகமவிலும் இருந்த முகாம்கள் அந்தக் காலத்தின் வேதனை நிறைந்த படிக்கட்டுகள். தாழ்ந்த தளத்தில் மூட்டையோடு மூட்டையாய்க் கிடந்து வந்தவர்களின் கண்ணீரையும் சேர்த்தே இக்கடலின் வரலாற்றை எழுத வேண்டும்.

இந்தப் பாதையில் யார் கப்பல் ஓட்டுவது என்பதே ஒரு போராட்டமாக இருந்த காலமும் உண்டு. பிரித்தானிய நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கொன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். மொத்தம் 10 இலட்சம் ரூபா. அதில் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாவுக்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சுதேசிக் கப்பல் ஓடியது. போட்டியாளர் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தனர். இலவசமாக ஏற்றிச்சென்று குடையும் கொடுத்ததாகக்கூடச் சொல்லப்படுகிறது. 1908 இல் சிதம்பரம்பிள்ளை சிறைக்குப் போனார். 1911 இல் சங்கம் கலைக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, ஸ்கோஷியா பிரின்ஸ் புறப்பட்ட அதே 2011 இல், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியபின் பயணிகளில் பெரும்பாலோர் அந்தக் குறுகிய பாதைக்கு மாறினர். 'போட் மெயில்' என்று நமது மூத்தோர் சொல்வது அதைத்தான். 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. இனப்போர் மூண்டதும் 1984 இல் அதுவும் நின்றது.

ஆயினும் சூறாவளிக்கும் போருக்கும் முன்னரே இந்தக் கடலில் வேறொரு சுவர் எழும்பத் தொடங்கிவிட்டது. 1948 ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தோடு கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. புறக்கோட்டையில் கடையும் காயல்பட்டினத்தில் வீடுமாக வாழ்ந்தவர், 'நீ எந்தக் கரையைச் சேர்ந்தவன்?' என்ற கேள்விக்கு எழுத்தில் விடை தர வேண்டியவரானார். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டவனாகவும் தம்பி இன்னொரு நாட்டவனாகவும் ஆன கதைகள் நம்மிடையே உண்டு. கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அக்கரைக்குப் போவது அயலூருக்குப் போவதாக இல்லாமல் வெளிநாட்டுப் பயணமாக மாறிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2011 ஐப் பார்க்க வேண்டும். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு ஜனவரியில் இரு நாடுகளும் கொழும்பு - தூத்துக்குடி, தலைமன்னார் - இராமேஸ்வரம் ஆகிய பாதைகளில் பயணிகள் கப்பல் விடுவதென ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியத் தனியார் நிறுவனமொன்று ஸ்கோஷியா பிரின்ஸைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 150 கடல் மைல் தூரம். இரவுப் பயணம். வாரத்துக்கு இரண்டு தடவை.

அந்த நாட்களில் கொழும்புக்கு வரும்போதெல்லாம் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்குவது என் வழக்கம். அவ்வாண்டு ரமழான் ஓகஸ்டில் வந்தது. நோன்புப் பெருநாளுக்கு உடுப்பு வாங்கக் காலி வீதிப் புடவைக் கடைகளில் ஏறி இறங்கியபோது கப்பலைப் பற்றிய பேச்சு காதில் விழுந்தது. "கப்பல்ல போனா மூட்டய நிம்மதியா கொண்டு வரலாம் சேர், பிளேன்ல கிலோக் கணக்குப் பாத்துப் பாத்துச் சாகணும்" என்றார் கடைக்கார நாநா ஒருவர். கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் மூதாட்டி வேறு காரணம் சொன்னார். விமானத்தில் ஏற அவருக்குப் பயம். இந்தியாவுக்கு அவர் கடைசியாகப் போனது தலைமன்னார்க் கப்பலில். "திரும்பக் கப்பல் விட்டுட்டாங்களாம், இனி வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இரு குரல்களையும் நான் மறக்கவில்லை. ஒன்று சிறு வியாபாரியினுடையது. மற்றது நேர்த்திக்கடன் சுமந்த முதியவருடையது. இக்கடலில் காலங்காலமாகக் கப்பலேறியவர்கள் இவ்விரு வகையினரே. ஆனால் வந்த கப்பலோ உல்லாசப் பயணிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் அடித்தளம் கார்களுக்கானது. நமது இரு கரைகளிலும் காரைக் கப்பலிலேற்றி அக்கரையில் ஓட்டித் திரியும் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அதற்கு வேண்டிய சுங்கப் பத்திரங்களும் பிணைப்பணமும் சாதாரண மனிதருக்கு எட்டக்கூடியவையா? கோத்தன்பேர்க்கில் கப்பலுக்குச் சோறு போட்ட தளம் இங்கே பயனற்ற வயிறாயிற்று.

பயணிகள் கப்பலின் கணக்கு மிக எளிமையானது, கொடுமையானதும்கூட. ஆயிரம் பேரை ஏற்றினாலும் நூறு பேரை ஏற்றினாலும் எரியும் எண்ணெயில் பெரிய வேறுபாடில்லை. மாலுமிகளின் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் குறைவதில்லை. ஓடாமல் நிற்கும் நாட்களுக்கும் செலவுண்டு. கப்பல் பழையதானால் எண்ணெயும் பழுதுபார்ப்பும் கூடும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றக்கூடிய இக்கப்பல் பல பயணங்களில் அதில் ஒரு சிறு பகுதியினரையே ஏற்றிச் சென்றது. விமானமோ சென்னைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் போய்விடுகிறது. கப்பல் பயணிக்கும் விமானப் பயணிக்கும் ஒரே விசா, ஒரே வரிசை, ஒரே விசாரணை. பெட்டிகளைத் திறந்து காட்டும் வேலையோ கப்பல் பயணிக்கே அதிகம். நேரத்தில் வெல்ல முடியாத கப்பல், கட்டணத்திலும் சுமையிலுமாவது வெல்ல வேண்டும். அந்த வெற்றியை ஒரு தனியார் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் நெடுநாள் தாங்கி நிற்க முடியாது.

இருப்பினும் அந்த ஐந்து மாதங்களில் கப்பல் தன் பெயருக்கேற்ற ஒரு காரியத்தைச் செய்தது. 2011 ஒக்டோபரில், தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த இலங்கை அகதிகளுள் ஒரு சிறு குழுவினர், ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவர் நிலையத்தின் உதவியோடு, ஸ்கோஷியா பிரின்ஸில் ஏறித் தாயகம் திரும்பினர். விமானத்தில் திரும்புவோர் பல ஆண்டுகள் சேர்த்த வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வர வேண்டும். கப்பலில் வந்தவர்களோ தம் சாமான்களில் கூடுதலானவற்றைக் கொண்டுவர முடிந்தது. இரவோடிரவாக மீன்பிடிப் படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு கடந்த கடலை, பயணச்சீட்டோடு, சட்டிபானையோடு கடந்து வருவதென்றால் அது சிறிய காரியமா? மிஸிஸிப்பியிலும் பெங்காசியிலும் அந்தக் கப்பல் செய்த வேலையின் தொடர்ச்சியாகவே இதை நான் காண்கிறேன். முன்னையவற்றில் மனிதரை வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் பெயர்த்த இடர் இருந்தது. இங்கே மனிதரை வீட்டுக்குக் கொண்டுவரும் வாய்ப்பு இருந்தது.

அந்த வாய்ப்பு ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலாக நீடித்தது. நவம்பரில், எரிபொருளுக்குரிய நிலுவைப் பணம் தொடர்பான வழக்கில், கப்பல் கொழும்பில் தடுத்து வைக்கப்பட்டது. கடல்சார் சட்டத்தில் கடன்பட்டவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கப்பலையே பிரதிவாதியாக்கி நிறுத்திவிடலாம். கப்பலைக் 'கைது செய்தல்' என்றே அதற்குப் பெயர். சேவை நின்றது. அகதிகள் மறுபடியும் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியவராயினர். கொட்டாஞ்சேனை மூதாட்டியின் கணக்கும் கணக்காகவே நின்றது.

2012 இல் ஸ்கோஷியா பிரின்ஸ் பங்களாதேஷின் சிட்டகொங் கரைக்குச் சென்றது. அங்கே கப்பல் உடைக்கும் முறையை மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பறை அமைதியாகிவிடும். பெரிய வற்றுப்பெருக்குள்ள கரை அது. நீர் உயரும் வேளை பார்த்துக் கப்பலை அதன் சொந்த இயந்திர வேகத்திலேயே சேற்றில் ஏற்றிவிடுவார்கள். நீர் வற்றியபின் தொழிலாளர்கள் வெறுங்காலோடு நடந்து போய் எரிவாயுச் சுடரால் தகடு தகடாக அறுப்பார்கள். இரும்பு உருக்காலைக்குப் போகும். கட்டிலும் கதிரையும் தெருவோரக் கடைகளுக்குப் போகும். யூகோஸ்லாவியத் தொழிலாளர் பொருத்திய தகடுகளை நாற்பதாண்டுக்குப் பின் வங்காளத் தொழிலாளர் அறுத்தனர். கட்டிய நாடு அதற்கு முன்பே துண்டுகளாகிவிட்டிருந்தது.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். குறை கப்பலிலா, கடலிலா? போர்ட்லண்ட் - யார்மத் பாதையே இதற்கு விடை தருகிறது. ஸ்கோஷியா பிரின்ஸ் போனபின் அங்கே வேறு கப்பல் ஓடியது. நோவா ஸ்கோஷியா மாகாண அரசு நிதியுதவியை நிறுத்தியதும் 2010 இல் கப்பலே இல்லாமற் போயிற்று. மீண்டும் அரசு பணம் கொடுக்க முன்வந்த பின்னரே 2014 இல் சேவை தொடங்கியது. செல்வம் கொழிக்கும் நாடுகளிலேயே கப்பற்பாதை தன் காலில் நிற்பதில்லை. வீதியையும் பாலத்தையும் போல அதுவும் பொதுச்செலவில் காக்கப்பட வேண்டியதென்பதை அவர்கள் பட்டறிந்து கொண்டனர். நாமோ ஒரு பாலத்தை இலாபம் தரவில்லை என்று இடிப்பதில்லை. கப்பலை மட்டும் முதல் மாதமே இலாபக் கணக்குக் கேட்கிறோம்.

அந்தப் பாடம் இங்கும் மெல்ல உணரப்படுவதாகத் தெரிகிறது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற சிறு கப்பல் வந்தது. சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது. பருவமழைக் காலத்தில் நின்று 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது. துறைமுகச் செலவுகளுக்கு இந்திய அரசு நிதியுதவி அறிவித்திருந்தமை குறிப்பிடத்தக்கது. கார் ஏற்றாத, சூதாட்டக் கூடமில்லாத, சில மணித்தியாலங்களில் கடக்கும் சிறு கப்பல். நமது கடலின் அளவுக்கும் நமது பயணியின் பையின் கனத்துக்கும் அது பொருத்தமானதே.

ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. சொன்ன நாளில் கப்பல் வர வேண்டும். சிறு வியாபாரியைக் கள்ளக்கடத்தற்காரனாகப் பாராத சுங்கம் வேண்டும். அக்கரையில் மையித்தென்று செய்தி வந்தால் அன்றே புறப்படக்கூடிய விசா வேண்டும். நமது மூத்தோர் ஒருகாலத்தில் அனுபவித்தது அதைத்தான். கப்பல் என்பது இரும்பும் எண்ணெயும் மட்டுமன்று. அது இரண்டு கரைகளுக்கிடையே கொடுக்கப்படும் வாக்கு. சுவீடனிலும் அமெரிக்காவிலும் அந்த வாக்கு பல ஆண்டுகள் காக்கப்பட்டதால் அந்தக் கப்பலும் பல ஆண்டுகள் உழைத்தது. நாம் ஐந்து மாதங்களே காத்தோம்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கை உறவின் பெயரைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை முதுமையில் இருக்கிறது. புறக்கோட்டையிலும் அப்படியே. அவர்கள் இருக்கும்போதே பாதை உறுதிப்பட்டால் பேரப்பிள்ளைகள் ஒருவர் வீட்டை ஒருவர் தேடிக் கண்டுகொள்வர். அவர்களும் போய்விட்டால், பின்னர் எத்தனை பெரிய கப்பல் வந்தாலும் அதில் வருவோர் உல்லாசப் பயணிகளாக மட்டுமே இருப்பர், உறவினராக இருக்கமாட்டார்கள்.